கல்யாணம் முடிந்த பின்னர்

படம் ஒன்று பணத்தைக் குவித்துவிட்டால், அப்படத்து மாந்தரை வாரந்தோறும் வீட்டு வரவேற்பறைக்கே அனுப்பிவைக்க அமெரிக்கத் தொலைக்காட்சி முதலாளிமார் அவசரப்படுவது வழக்கம். அந்த அவசரத்திற் பிறந்து, ஏழே அங்கங்களில் மறைந்த நகைச்சுவைத் தொடர் ஒன்றைப் பற்றி இவ்வாரம் சிறிது பேசுவோம்.

2002ஆம் ஆண்டில் ‘மை பிக் ஃபற் கிறீக் வெடிங்’ என்னும் படம் வெளிவந்தது. கனடாவில் கிரேக்கக் குடும்பமொன்றிற் பிறந்த நியா வர்டலோஸ் என்ற நடிகை, தம் வீட்டாரையும் தம் திருமணத்தையும் வைத்துத் தனியொருவராக மேடையில் நடித்துவந்த கதை அது. அதனைக் கண்டு சுவைத்த ரீட்டா வில்சனும் அவர் கணவர் டொம் ஹாங்ஸும் படமாக்கத் துணைநின்றனர். செலவு ஏறத்தாழ 50 இலட்சம் டொலர். வட அமெரிக்காவில் மாத்திரம் வசூல் 24 கோடி டொலருக்கு மேல்!

சிக்காகோவில் உணவுச்சாலை நடத்தும் கிரேக்கத் தந்தைக்கு, முப்பது வயதாகியும் மணமாகாத மகள் தூலா. அவளோ கிரேக்கன் அல்லாத ஈயன் என்பவனை விரும்பிவிடுகிறாள். வீடு அல்லோலகல்லோலப்படுகிறது. கண்ணாடி துடைக்கும் திரவத்தைத் தெளித்தால் எந்நோயும் தீருமென நம்பும் தந்தை. மாப்பிள்ளை மாமிசம் உண்ணாதவர் என்றதும், அதனாலென்ன, ஆட்டிறைச்சி சமைத்தால் போயிற்று என்று ஆறுதல் கூறும் உறவுக்காரப் பெண்மணி! இனசனம் பார்த்துச் சம்பந்தம் பேசிப் பழகிய நம்மவர்க்கு இவர்கள் அந்நியராகத் தோன்றார்.

2003 பெப்ரவரி 24ஆந் திகதி, சீ.பீ.எஸ். நிறுவனம் இக்குடும்பத்தைத் தொடராக்கி ஒளிபரப்பத் தொடங்கியது. நியாவும், தாய் தந்தையராக நடித்தோரும் அப்படியே வந்தனர். கணவனாக நடித்த ஜோன் கோர்பெற் வேறொரு தொடரில் ஒப்பந்தமாகியிருந்தமையால், அவ்விடத்துக்கு வேறொருவர் வந்தார். தூலா ‘நியா’ ஆனாள்; ஈயன் ‘தோமஸ்’ ஆனான். முதல் அங்கத்தை இரண்டு கோடிக்கு மேற்பட்டோர் பார்த்தனர். பின்னர் கூட்டம் கலையத் தொடங்கிற்று. ஏப்ரில் 13இல் திரை விழுந்தது.

மாப்பிள்ளை மாறியதே காரணம் என்பாருமுளர். எமக்கு அது போதிய காரணமாகத் தோன்றவில்லை. தந்தை மனமிரங்குவாரா என்ற ஒரே கேள்வியிலன்றோ அப்படத்துச் சிரிப்பெல்லாம் தொங்கிக்கொண்டிருந்தது? கூச்சமே உருவான தூலா படித்து, துணிந்து, வேறொருத்தியாக மாறுவதைக் காணவே சனங்கள் திரண்டனர். வாராந்த நகைச்சுவைத் தொடரோ, அரைமணி நேரம் முடிகையில் எல்லாரையும் புறப்பட்ட இடத்திலேயே கொண்டுவந்து நிறுத்த வேண்டியது. தேனிலவு முடிந்து தம்பதியர் திரும்புவதிலிருந்து கதையைத் தொடங்கியது, பந்தி முடிந்து இலையெடுத்த பின்னர் விருந்தினரை மறுபடி உட்காரவைத்தது போலாயிற்று.

படத்திலிருந்து வந்த தொடர்கள் யாவும் தோற்றன என்று கூறிவிட முடியாது. கொரிய யுத்தகால வைத்தியர்களைப் பற்றிய ‘மாஷ்’, 1970இற் படமாக வந்து, 1972 முதல் 1983 வரை தொடராக ஓடியது. அங்கே யுத்தம் ஓயும்வரை காயப்பட்டோர் வந்துகொண்டேயிருப்பர். வைத்தியர்க்கு வேலை ஓயாது.

தூலாவின் குடும்பம் 2016இல் மறுபடியும் வெண்திரைக்கு வந்தது. பழைய பெயர்கள், பழைய மாப்பிள்ளை. இம்முறை கதை என்ன தெரியுமோ? தாய் தந்தையரின் விவாகப் பத்திரத்தில் பாதிரியார் கையொப்பமிடவில்லையாம். ஆகவே கிழவருக்கும் கிழவிக்கும் மீண்டுமொரு கல்யாணம்!