கீழ்த்தாடை தெரியாத கணக்கு

பல் அத்தனையும் கெட்டியாக இருக்கிற ஒருவர் எழுதிய கட்டுரை என்பது முதல் பத்தியிலேயே தெரிந்துவிடுகிறது. அறுபதைத் தாண்டியவர்களுக்கு இம்ப்ளான்ட் வீண் ஆடம்பரம், பல் டாக்டர்கள் விரிக்கும் வலை, தாத்தா பாட்டி மாதிரி ஒரு பல் செட்டை மாட்டிக்கொண்டு காலத்தை ஓட்டிவிடலாம். சென்ற இதழில் நண்பர் நான்கு பக்கம் சுற்றி வளைத்துச் சொன்னதன் சாரம் இவ்வளவுதான். பல் செட் செய்து கொடுத்துப் பிழைக்கிறவன் நான். இம்ப்ளான்ட்டும் வைக்கிறேன், அதை மறைக்கவில்லை. என் தொழிலின் முக்கால் பங்கை ஒருவர் இப்படிப் புகழ்ந்திருப்பதற்கு நான் மகிழ்ந்திருக்க வேண்டும். எரிச்சல்தான் வந்தது.

அவருடைய பிரம்மாஸ்திரம் ஒரு பெருக்கல் கணக்கு. ஒரு இம்ப்ளான்ட் 40,000 ரூபாய், வாயில் 28 பல், ஆகமொத்தம் 11 லட்சத்து 20 ஆயிரம். பெருக்கலில் பிழை இல்லை. ஆனால் பல் முழுக்கப் போன வாய்க்கு 28 இம்ப்ளான்ட் வைக்கும் டாக்டர் எந்த ஊரில் இருக்கிறார்? கழற்ற முடியாத பல்வரிசையைத் தாங்க ஒரு தாடைக்கு நான்கிலிருந்து எட்டு வரை இருந்தால் போதும். அதுவும் வேண்டாம் என்றால் கீழ்த்தாடையின் முன்பக்கம் இரண்டே இரண்டு வைக்கலாம். கழற்றி மாட்டுகிற பல் செட்டே அந்த இரண்டின் தலையில் பிரஸ் பட்டன் மாதிரி ‘டக்’கென்று உட்கார்ந்துகொள்ளும். அவர் சொன்ன விலையிலேயே இம்ப்ளான்ட்டுக்கு 80,000 ஆகும். செட்டையும் மற்றதையும் சேர்த்தாலும் ஒன்றேகால் லட்சத்துக்குள் அடங்கும். 2002-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு முதலில் பரிந்துரைக்க வேண்டியது இதைத்தான், வெறும் பல் செட்டை அல்ல என்று அறிவித்தார்கள். 2009-ல் இங்கிலாந்தின் யார்க்கிலும் அதே முடிவுதான். ‘இம்ப்ளான்ட்டா, பல் செட்டா’ என்று கேள்வி எழுப்பிவிட்டு, இரண்டும் சேர்ந்த ஒன்று இருப்பதையே ஒருவர் சொல்லாமல் விட்டால், அவருக்கு விஷயம் தெரியாது, அல்லது தெரிந்தே மறைக்கிறார். தெரியாது என்றே வைத்துக்கொள்கிறேன், மரியாதைக்கு.

தெரியாது என்பதற்குக் கட்டுரையிலேயே சாட்சி இருக்கிறது. நான்கு பக்கத்தில் ஓரிடத்திலாவது மேல்தாடை, கீழ்த்தாடை என்று பிரித்துப் பேசவில்லை. பல் செட்டைப் பற்றிப் பேசுகிறவர் முதலில் பேச வேண்டியதே அதுதான். மேல் செட் அண்ணம் முழுவதையும் மூடி உட்காரும். நடுவில் ஒரு மெல்லிய எச்சில் படலம், பின்விளிம்பில் காற்றுப் புகாத ஒட்டு. ஒழுங்காகச் செய்த மேல் செட்டைக் கழற்றவே விரலால் நெம்ப வேண்டியிருக்கும். கீழ் செட்டுக்கு அந்த வசதி இல்லை. வெறும் லாட வடிவம், நடுவில் ஓயாமல் அலையும் நாக்கு, விழுங்கும் ஒவ்வொரு தடவையும் மேலெழும் வாயின் அடித்தளம், இரண்டு பக்கமும் இடிக்கும் கன்னம். இதற்கு மேல் எலும்பும் கரைகிறது. பல் செட் போட்டவர்களை 25 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆந்தியே தால்கிரென் என்ற ஆய்வாளர், கீழ்த்தாடை மேல்தாடையைப் போலச் சுமார் நான்கு மடங்கு கரைகிறது என்று 1972-ல் எழுதினார்.

அது எப்படி இருக்கும் என்று நண்பர் ஒரு நாள் என் கிளினிக்குக்கு வந்து பார்க்கலாம். கீழ் செட் போட்ட ஓர் அம்மாவிடம் “நாக்கை லேசா நீட்டுங்கம்மா” என்பேன். நாக்கு உதட்டைத் தொடுமுன் கீழ் செட் மேலே எழும்பி நிற்கும். உடனே கீழுதட்டை இறுக்கி அதை அமுக்குவார் அந்த அம்மா. அது அவருக்கு அனிச்சையாகவே வந்துவிட்டிருக்கும். பேசும்போது, சிரிக்கும்போது, தும்மும்போது அதே அமுக்கல். செட்டைக் கழற்றினால் ஈறில் அரிசி அளவில் ஒரு புண், நுனி வெளுத்துச் சுற்றிலும் சிவந்து. எள்ளுருண்டையின் ஒரே ஓர் எள் அடியில் புகுந்தால் போதும், அன்றைக்குச் சாப்பாடு முடிந்தது. கல்யாணப் பந்தியில் அப்பளத்தையும் வடையையும் பேரன் இலைக்குத் தள்ளிவிட்டு, ரசம் சாதத்தைக் குழையப் பிசைந்து விழுங்கிவிட்டு, கை கழுவும் இடத்தில் யாரும் பார்க்காமல் செட்டைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொள்வார். இதைத்தான் ‘எளிமையான, செலவில்லாத தீர்வு’ என்கிறார் கட்டுரையாளர்.

தாத்தா ஒரே செட்டை முப்பது வருடம் போட்டிருந்தார் என்று ஒரு பெருமை வேறு. எலும்பு கரையும், அக்ரிலிக் கரையாது. அதனால்தான் அவ்வப்போது செட்டின் அடிப்பாகத்தைப் புதிதாக நிரப்பித் தர வேண்டும், சில வருடங்களில் செட்டையே மாற்ற வேண்டும். ஒரே செட் முப்பது வருடம் என்றால் பிற்பாதியில் அது வாயில் இருந்ததைவிடத் தம்ளர் தண்ணீரில் இருந்ததுதான் அதிகமாக இருக்கும். தாத்தா ஒரு நாளும் குறை சொன்னதில்லையாம். யாராவது கேட்டார்களா?

அடுத்து பயமுறுத்தல். இம்ப்ளான்ட் புதுசு, எலும்புக்குள் இரும்பு, நரம்பு போய்விடும், சர்க்கரை இருந்தால் தொடவே கூடாது. ஒவ்வொன்றாக வருவோம். அது இரும்பல்ல, டைட்டானியம். முயல் எலும்போடு டைட்டானியம் பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொள்வதை ஸ்வீடன் ஆய்வாளர் ப்ரோனெமார்க் கவனித்தது 1952-ல். யோஸ்தா லார்சன் என்பவருக்கு முதன்முதலாகக் கீழ்த்தாடையில் பொருத்தியது 1965-ல். 2006-ல் லார்சன் இறக்கும்வரை, நாற்பது வருடம், அந்த இம்ப்ளான்ட்டுகள் வேலை செய்தன. நரம்புக்கு வருவோம். தாடைக்குள் ஓடும் நரம்பு முன் கடைவாய்ப் பற்களின் பக்கத்தில் வெளியே வந்துவிடுகிறது. நான் சொன்ன இரண்டு இம்ப்ளான்ட்டும் அதற்கு முன்னால், கோரைப்பல் இருந்த இடத்தில் உட்காருகின்றன. சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் தடை இல்லை. வயது தன்னளவில் தடையே இல்லை. கட்டுக்கடங்காத சர்க்கரை, விடாத சிகரெட், தாடையில் வாங்கிய கதிர்வீச்சு, எலும்புத் தேய்மானத்துக்கும் புற்றுநோய்க்கும் போடும் சில ஊசிகள், இவைதான் நாங்கள் தயங்கும் இடங்கள். இவற்றில் பாதியை அவர் குறிப்பிடவே இல்லை. அவர் பிடித்துக்கொண்டது பிறந்த வருஷத்தைத்தான்.

அவர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. ‘ஒரே நாளில் பல்’, ‘ஆயுள் உத்தரவாதம்’ என்று பேனர் கட்டுவது பித்தலாட்டம். காப்பாற்றக்கூடிய பல்லைப் பிடுங்கிவிட்டு இம்ப்ளான்ட் விற்பது குற்றம். இம்ப்ளான்ட் வைத்தவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்குச் சுற்றியுள்ள எலும்பைத் தின்னும் அழற்சி வருவதாக ஆய்வுகள் சொல்கின்றன. தினமும் தேய்த்துச் சுத்தம் செய்ய வேண்டும், டாக்டரிடம் தவறாமல் வந்து காட்ட வேண்டும், அந்தப் பட்டனுக்குள் இருக்கும் நைலான் வளையம் தேய்ந்தால் மாற்ற வேண்டும். கை நடுங்குகிறவருக்கும் மறதி முற்றியவருக்கும் இம்ப்ளான்ட் வேண்டாம் என்று நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். மேல்தாடையில் செட் நன்றாக நிற்கிற ஒருவரிடம் அதை எடுத்துவிட்டு இம்ப்ளான்ட் வையுங்கள் என்று நான் சொல்வதில்லை. விற்பனைக்காரர்களைத் திட்டுங்கள், நானும் கூடச் சேர்ந்து திட்டுகிறேன். அந்தக் கோபத்தில் கீழ் செட் ஆடுகிற கிழவியின் வாயை ஏன் அடைக்கிறீர்கள்?

கையில் காசே இல்லாதவருக்குப் பல் செட் கிடைப்பது பெரிய காரியம், சந்தேகமே இல்லை. கேரள அரசு வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள, 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு ‘மந்தஹாசம்’ என்ற பெயரில் இலவசமாகப் பல் செட் தருகிறது. அதைக் கைகூப்பி வரவேற்பேன். நண்பர் எழுதியது அவர்களுக்காக அல்ல. இந்தப் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்குகிற, பேத்தியின் சடங்குக்கு மண்டபம் பிடிக்கிற, இரண்டு வருடத்துக்கு ஒரு போன் மாற்றுகிற குடும்பங்களுக்காக. அந்த வீடுகளில் ஏற்கெனவே ஒரு வாக்கியம் தயாராக இருக்கிறது: “வயசான காலத்துல இதெல்லாம் எதுக்கும்மா?” இம்ப்ளான்ட் விலையைச் சொன்னதும் மகன் முகம் மாறுவதை அம்மா பார்த்துவிடுவார். “எனக்கு எதுக்குப்பா, செட்டே போதும்” என்று அவரே முந்திக்கொள்வார். அந்தச் சங்கடத்துக்குச் சிக்கனம் என்று பெயர் சூட்டி, புள்ளிவிவரம் பூசி, நான்கு பக்கத்துக்கு அச்சடித்துக் கொடுத்திருக்கிறார் கட்டுரையாளர். இனி மகன்கள் பத்திரிகையை எடுத்துக் காட்டலாம்.

காட்டுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். வீட்டில் கீழ் செட் ஆடுகிற பெரியவர் இருந்தால் பல் டாக்டரிடம் கூட்டிப்போய் ஓர் எக்ஸ்ரே எடுங்கள். எலும்பு எவ்வளவு மிச்சம் இருக்கிறது, இரண்டு இம்ப்ளான்ட் போதுமா, பராமரிப்புக்கு வருடம் என்ன செலவாகும் என்று கேளுங்கள், தொகையை எழுதி வாங்குங்கள். பத்து இம்ப்ளான்ட் என்று ஆரம்பித்தால் எழுந்து வேறு டாக்டரிடம் போங்கள். எல்லாம் கேட்டு முடித்தபின் வேண்டுமா வேண்டாமா என்பதை அம்மா சொல்லட்டும். அவர் பதில் சொல்லும்போது நீங்கள் வெளியே உட்கார்ந்திருங்கள்.