கடைக்காரர் கேட்காத கேள்வி

கொட்டாஞ்சேனையிலுள்ள என் பெறாமகன், தாயார் சீட்டெடுத்துக் கொடுத்த பணத்துடன் பம்பலப்பிட்டியில் விளையாட்டுக்கான கணினித்திரை வாங்கச் சென்றான். "4கே எடும் தம்பி, பிறகு கவலையில்லை" என்றாராம் கடைக்காரர்.

கவலை அன்றிரவே தொடங்கிற்று. 4கே என்பது 3840 × 2160, அதாவது ஏறத்தாழ 83 இலட்சம் புள்ளிகள். 1080பி திரையின் நான்கு மடங்கு. அத்தனையையும் கணத்துக்குக் கணம் வரைந்து தரவேண்டியது திரையன்று, அவனது பழைய கிராபிக்ஸ் அட்டை. துப்பாக்கி விளையாட்டு நத்தையாய் ஊர்ந்தது.

என்ன அட்டை வைத்திருக்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாகாதா? வேகமான விளையாட்டுக்கு 144 ஹேர்ட்ஸ், 1080பி திரையே அவனுக்கு உகந்தது. 60 ஹேர்ட்ஸில் 16.7 மில்லிசெக்கனுக்கொரு முறை மாறும் படம், அதில் 6.9க்கொரு முறை மாறும். (விண்டோஸ் அமைப்பில் 144ஐத் தெரிவுசெய்ய மறந்தால் அதுவும் வீண்.)

இப்போது அவன் அதே திரையில், 1080பியிலேயே விளையாடுகிறான். கொடுத்ததோ 4கே விலை.