சேமித்தால் மட்டும் போதுமா?

செலவு போக மிச்சத்தைச் சேமிப்பது ஒரு வகை. சேமிப்பை முதலில் எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தைச் செலவழிப்பது மற்றொரு வகை. இரண்டாவதுதான் நிலைக்கும் என்பது கட்கி, தேஹு ரோடு பகுதிகளில் தொழிற்சாலை வேலை பார்த்துக் குடும்பத்தை முன்னுக்குக் கொண்டுவந்த தமிழர்களுக்குப் புதிதல்ல. ஊரில் வீடு, மகள் கல்யாணம், மகன் படிப்பு எல்லாம் அப்படிச் சேர்ந்த பணத்தில் நடந்தவையே. ஆனால், சேர்த்த பணத்தை எங்கே வைப்பது என்பதில் பலரும் அதே கவனம் காட்டுவதில்லை. சேர்க்க முப்பது ஆண்டு பாடுபடுகிறவர், அதை வைக்கும் இடத்தை ஒரு மாலைப் பொழுதில், நண்பர் சொன்னார் என்று முடிவு செய்துவிடுகிறார்.

இதன் விளைவைப் புனே நகரம் கண்டிருக்கிறது. இங்கு 1912-ல் தொடங்கிய ரூபி கூட்டுறவு வங்கி நூறாண்டு கண்டது. அந்தப் பழைமையை நம்பி நடுத்தரக் குடும்பங்கள் பணம் போட்டன. 2013 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி அதன் மீது கட்டுப்பாடுகள் விதித்தது. சொந்தப் பணத்தை விருப்பம்போல் எடுக்க முடியாத நிலை ஆண்டுக்கணக்கில் நீடித்தது. 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி அதன் உரிமத்தை ரத்து செய்தது. டெபாசிட்தாரர்களில் 99 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் இன்ஷூரன்ஸ் மூலம் முழுப் பணமும் பெறத் தகுதியுள்ளவர்கள் என்று ரிசர்வ் வங்கி அறிவித்தது. ஆறுதல்தான். ஆனால் கல்யாணமும் ஆபரேஷனும் ஒன்பது ஆண்டு காத்திருக்குமா?

அந்த இன்ஷூரன்ஸும் பட்ட அனுபவத்தால் வந்ததே. 1960-ல் கேரளத்தின் பாலாய் சென்ட்ரல் வங்கி மூழ்கியதை அடுத்து, 1962-ல் டெபாசிட் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன் ஏற்பட்டது. அன்று வரம்பு ரூ.1,500. அது 1993-ல் ரூ.1 லட்சமாகவும், 2020-ல் ரூ.5 லட்சமாகவும் உயர்ந்தது. வங்கி முடக்கப்பட்டால் 90 நாளில் இத்தொகை கிடைக்க 2021-ல் சட்டம் திருத்தப்பட்டது. ஆனால் அந்த ஐந்து லட்சம் அசலும் வட்டியும் சேர்த்துத்தான். ஒரே வங்கியின் நான்கு கிளைகளில் போட்டாலும் கணக்கு ஒன்றே.

ஆகவே, ஓய்வு பெறும்போது பன்னிரண்டு லட்சம் பெறுகிறவர் அதை ஒரே இடத்தில் போடாமல் மூன்று வங்கிகளில் பிரித்துப் போடுவதே முறை. அரசின் பொறுப்பில் உள்ள தபால் ஆபீஸ் சேமிப்பும் உண்டு. பதசன்ஸ்தா எனப்படும் கடன் சங்கங்களுக்கும், கம்பெனி டெபாசிட்டுகளுக்கும் இந்த இன்ஷூரன்ஸ் கிடையாது. அக்கம்பக்கத்தில் வாய்வார்த்தையில் நடக்கும் பிஷிக்கும் சீட்டுக்கும் அப்படியே. சீட்டுக் கட்டுவதானால் 1982-ம் ஆண்டுச் சட்டப்படி பதிவானதா என்று பார்த்துக் கட்ட வேண்டும்.

வட்டி அரை சதவீதம் கூடுதல் என்பார்கள். ஐந்து லட்சத்துக்கு அது ஆண்டுக்கு ரூ.2,500, மாதம் இருநூற்றுச் சொச்சம். அதற்காக அசலையே பணயம் வைப்பது புத்திசாலித்தனமா? கூட்டுறவு வங்கிகள் எல்லாமே ஆபத்தானவை என்பதல்ல. சிறு வியாபாரிகளுக்குக் கை கொடுத்தவை அவை. ஆழம் பார்த்துக் காலை வைக்க வேண்டும் என்பதே செய்தி.

இன்னொன்று: எந்த வங்கியில் எவ்வளவு இருக்கிறது, யார் பெயரில் நியமனம் என்பதை வீட்டுப் பெண்களும் அறிந்திருக்க வேண்டும். பாஸ் புத்தகத்தைப் பூட்டி வைத்துவிட்டுக் கண்ணை மூடியவர்களின் குடும்பங்கள் அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல. பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்தும் இங்குள்ள தமிழ் அமைப்புகள், ஆண்டுக்கு ஒரு நாள், விவரம் தெரிந்த வங்கி அலுவலர் ஒருவரை அழைத்து இவற்றை விளக்கச் செய்யலாம். மேடைக்கும் மாலைக்கும் ஆகும் செலவைவிட அது பயனுள்ள செலவு.