பள்ளம் தோண்டுமுன்

விக்தர் ஹ்யூகோவின் 'லே மிஸரபிள்' 1862இல் வெளிவந்தது. சுத்தானந்த பாரதியார் அதனை 'ஏழை படும் பாடு' என்று தமிழுக்குக் கொண்டுவந்தார். காயமுற்ற மாரியுஸைச் சுமந்துகொண்டு ழான் வால்ழான் பாரிஸின் பாதாளச் சாக்கடைக்குள் இறங்கும் இடத்தை எந்த வாசகரும் மறந்திருக்கமாட்டார். ஆனால் அவ்விடத்தில் கதையை நிறுத்திவிட்டு, அச்சாக்கடையின் வரலாற்றையே பக்கம் பக்கமாக எழுதுகிறாரே ஹ்யூகோ, அதைப் பொறுமையாகப் படித்தவர்கள் எத்தனை பேர்? எங்களில் பலர் முதல் வாசிப்பில் அப்பக்கங்களைத் தாண்டிச் சென்றவர்கள்தாம். எங்கள் தெருவில் சில மாதங்களாக நடப்பதைப் பார்த்தபிறகே அவற்றுக்குத் திரும்பினோம்.

அங்கே புருனஸோ என்றொருவர் வருகிறார். கற்பனைப் பாத்திரம் அல்லர். நெப்போலியன் காலத்தில், 1805 முதல் ஏழாண்டுகள், நகரத்துக்கு அடியில் என்னதான் இருக்கிறது என்று இறங்கிப் பார்த்துப் பதிவு செய்தவர். அந்நூற்றாண்டின் பிற்பாதியில் பெல்கிரான் என்னும் பொறியாளர் ஆள் நிமிர்ந்து நடக்கத்தக்க சுரங்கங்களைக் கட்டினார். அவற்றுக்குள்ளேயே குடிநீர்க் குழாய்களும் ஓடின. மேலே உள்ள தெருவின் பெயர்ப்பலகை கீழேயும் உண்டு. குழாய் பழுதானால் ஆள் இறங்கிப் பார்த்தால் போதும், சாலையை உடைக்க வேண்டியதில்லை.

எங்கள் தெருவுக்கு வருவோம். முதலில் புதிய தார்ச்சாலை போட்டார்கள். தார் மணம் மாறுமுன் மழைநீர் வடிகாலுக்கென்று ஒரு பக்கத்தை வெட்டினார்கள். அது மூடப்படுவதற்குள் மின்கேபிள் புதைக்க மறுபக்கம் ஜேசிபி வந்தது. வந்த இரண்டாம் நாளே குடிநீர்க் குழாயை உடைத்தது. இஸ்திரி வண்டிக்காரர் பிழைப்புக்கு வேறு தெரு தேடிப் போனார். பள்ளத்தில் நின்ற தொழிலாளியிடம் நாங்கள் சற்றுக் கடுமையாகவே கேட்டுவிட்டோம். "கீழ என்ன இருக்குன்னு எங்களுக்கு எப்படி சார் தெரியும்? தோண்டச் சொன்னாங்க, தோண்டுறோம்" என்றார். குற்றம் அவருடையதன்று. ஒரே தெருவுக்கு மூன்று துறைகள் மூன்று நாட்காட்டிகளோடு வருவதுதான் குற்றம்.

இது வெறும் புழுதியும் போக்குவரத்து நெரிசலும் என்று எண்ணிவிடலாகாது. மெக்ஸிகோவின் குவாதலஹாரா நகரில் 1992 ஏப்ரல் 22 அன்று கழிவுநீர்ப் பாதைகள் அடுத்தடுத்து வெடித்தன. ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர் நீளத்துக்குத் தெருக்கள் பிளந்தன. இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டதாக அரசுக் கணக்கே சொல்லிற்று. பெட்ரோல் கொண்டுசென்ற எஃகுக் குழாயை ஒட்டித் துத்தநாகப் பூச்சுள்ள தண்ணீர்க் குழாயைப் பதித்திருந்தார்கள். இரு உலோகங்களும் ஈரமண்ணும் சேர்ந்து மின்வேதி அரிப்பை உண்டாக்க, எஃகில் துளை விழுந்து பெட்ரோல் சாக்கடைக்குள் இறங்கியது. சுரங்க ரயில் பாதைக்கு இடம்விட்டுக் கழிவுநீர்க் குழாயை வளைத்திருந்ததால் ஆவி வெளியேற வழியில்லை. நாற்றம் வீசுகிறது என்று மக்கள் சில நாட்கள் முன்பே முறையிட்டிருந்தார்கள். அப்பகுதியைக் காலிசெய்ய எவரும் உத்தரவிடவில்லை. தண்ணீர், எண்ணெய், ரயில் ஆகிய மூன்றும் அவரவர் அளவில் சரியாகவே திட்டமிடப்பட்டிருக்கலாம். மூன்றையும் ஒரே தாளில் வைத்துப் பார்த்தவர்தாம் இல்லை.

நெருக்கமான தெருவில் பணிகளுக்கு ஓர் இயல்பான வரிசை உண்டு. கழிவுநீர் சரிவை நம்பி ஓடுவது, நினைத்த இடத்தில் அதை வளைக்க முடியாது. ஆகவே ஆழமான அதுவே முதலில். குடிநீர் அதற்கு மேலே, விலகி. நம் ஊர்களில் இந்த விலகல் உயிர்ப் பிரச்சினை. நாளுக்குச் சில மணி நேரமே தண்ணீர் விடுகிறோம். மற்ற நேரத்தில் குழாயில் அழுத்தம் இல்லை. விரிசல் இருந்தால் சுற்றியுள்ள சாக்கடைநீரைக் குழாய் உள்ளிழுத்துக்கொள்ளும். எங்கும் வளையும் கேபிள்கள் கடைசியில் வரட்டும். சாலை அதற்கும் பிறகு.

சிங்கப்பூரின் மரீனா பே பகுதியில் உள்ளதுபோல் எல்லாவற்றுக்கும் பொதுச் சுரங்கம் வேண்டும் என்கிறார்கள் சிலர். வெற்றுநிலத்தில் எழும் புதிய நகருக்கு அது பொருந்தும். இருபதடி அகலமும் இருபுறம் வீடுகளும் உள்ள பழைய தெருவில் அதற்கென்று தோண்டினால் வீடுகளின் அஸ்திவாரமே ஆட்டம் காணும். தரையூடுருவும் ரேடாரையும் முழுதாக நம்புவதற்கில்லை; ஈரக் களிமண்ணில் அதன் பார்வை மங்கிவிடும். இயந்திரம் இறங்குமுன் கடப்பாரையும் மண்வெட்டியும் கொண்டு ஆங்காங்கே சோதனைக்குழி வெட்டிப் பார்ப்பதே எங்களுக்குத் தெரிந்த நம்பகமான வழி. தோண்டுவோரையும் குழாய், கேபிள் உடையோரையும் இணைக்க மத்திய அரசு 2023 மார்ச்சில் ஒரு செயலியைத் தொடங்கியது. நல்ல முயற்சிதான். ஆனால் குழாய் எங்கே போகிறது என்று அதன் உரிமையாளருக்கே தெரியாதபோது செயலி யாரை விசாரிக்கும்?

எங்கள் பகுதியில் குடிநீர் வால்வு திறக்க ஒரு முதியவர் வருவார். குழாய் உடைந்த அன்று அவரைத்தான் அழைத்துவந்தார்கள். தாருக்கடியில் புதைந்துபோன வால்வின் இடத்தை, மளிகைக் கடைப் படியிலிருந்து ஐந்தடி எண்ணி, காலால் தட்டிக் காட்டினார். தோண்டினார்கள், இருந்தது. இப்படி நாற்பது, ஐம்பது இடங்கள் தமக்குத் தெரியும் என்றார். அவருக்கு அடுத்த ஆண்டு ஓய்வு. இதுவரை ஒரு நோட்டுப் புத்தகத்தோடு யாரும் அவரிடம் வந்ததில்லையாம்.