கூட்டவா, பெருக்கவா?

"கூட்டவா ஐயா, பெருக்கவா?" கணக்கு வகுப்பில் நாள்தோறும் எம் செவியில் விழும் வினா இது. வினவும் பிள்ளைக்குக் கூட்டவும் தெரியும், பெருக்கவும் தெரியும். தெரியாதது ஒன்றே: கணக்கு என்ன கேட்கிறது என்பது! படித்துப் பொருள்கொள்ளாத குறையைக் கணக்கறியாத குறையென முத்திரையிட்டு, 'இவன் மண்டையில் ஏறாது' என்று தீர்ப்பும் எழுதிவிடுகின்றனர். கொடுமையன்றோ இது?

உப்புப் பாத்தியொன்று: நீளம் 12 மீட்டர், அகலம் 8 மீட்டர். சுற்று வரப்பின் நீளம் என்ன? 40 மீட்டர். உப்பு விளையும் பரப்பு என்ன? 96 சதுர மீட்டர். எண் மாறவில்லை, சொல் மாறிற்று, விடை மாறிற்று!

கண்ணனிடம் 20 கூடை மீன். மணியிடம் உள்ளதைவிட அது 5 கூடை கூடுதல். மணியிடம் எத்தனை? 'கூடுதல் என்றால் கூட்டு' என்று குறுக்குவழி கற்ற பிள்ளை 25 என்கிறது. வாக்கியத்தைப் படித்த பிள்ளை 15 என்கிறது.

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாக ஒரே குறளில் வைத்தார் வள்ளுவர். காரிநாயனாரின் கணக்கதிகாரம் கணக்கைச் செய்யுளிலேயே சொல்லிற்று. எனினும், பழமை என்பதற்காகவே கைகூப்பிவிட வேண்டா! பலாப்பழத்தின் காம்பருகே உள்ள சிறுமுட்களை எண்ணி, 6ஆல் பெருக்கி, 5ஆல் வகுத்தால் சுளைகளின் தொகை என்கிறது அந்நூல். ஏன் 6? ஏன் 5? செய்யுள் செப்பவில்லை. திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை ஓதி ஓதி மனத்தில் ஏற்றினர். சுவடி போயிற்று, சூத்திரத்தை உருப்போடும் வழக்கம் போயிற்றா?

அங்கேரியில் பிறந்த கணித அறிஞர் ஜார்ஜ் போல்யா, கணக்குத் தீர்க்கும் வழியை நான்கு படிகளாக 1945இல் வகுத்தார். முதற்படி, வினாவைப் புரிந்துகொள்வது. மாணவன் அதைத் தடையின்றித் திரும்பச் சொல்ல வேண்டும் என்றார். நம் தமிழ்நாட்டரசும் 1 முதல் 3 வகுப்புகளுக்கென 2022இல் தொடங்கிய திட்டத்திற்கு 'எண்ணும் எழுத்தும்' என்றே பெயரிட்டது. நல்ல பெயர்! எண்ணுக்கொரு பாடவேளை, எழுத்துக்கொரு பாடவேளை என்று நாம் வேலி போட்டால், இணைந்திருப்பது பெயர் மட்டுமே.

பாடம் முடியாதென்பர் சிலர். புரியாமல் முடிந்த பாடம் யாருக்குப் பயன்? எழுதத் தடுமாறும் பிள்ளைக்கு இது இரட்டைச் சுமை என்பர் வேறு சிலர். மதிக்கத்தக்க வாதம். ஆகவே வாய்மொழியில் தொடங்குவோம். வீட்டில் பேசும் தமிழிலேயே பிள்ளை சொல்லட்டும். பிறகு இரண்டே வரி எழுதட்டும்: கேட்பது என்ன? இவ்வழியைத் தேர்ந்தது ஏன்? எழுத்துப் பிழைக்காக மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டா.

பொம்மையார்பாளையத்து மீனவர் பிள்ளைக்கும் மரக்காணத்து உப்பளத் தொழிலாளி பிள்ளைக்கும் இது தேர்வுக்கான சங்கதி மட்டுமன்று. நாளை அவர்கள் முன் நீட்டப்படும் கடன்சீட்டில் எண்கள் தனித்து வாரா, சொற்களோடுதான் வரும். 10,000 ரூபாய்க்கு, நூற்றுக்கு 2 வட்டி. ஆண்டுக்கு என்றால் 200 ரூபாய். 'மாதத்திற்கு' என்றிருந்தால் ஓராண்டில் 2,400 ரூபாய்! அந்த ஒரு சொல்லைப் படித்து, 'ஏன்' என்று கேட்கும் துணிவைத் தராத கணக்கு வகுப்பு, கைந்நாட்டுக்கே ஆளைத் தயார் செய்கிறது. அதற்கோ பள்ளிக்கூடம்?