குருத்தணு ஊசி: பணம் கட்டுமுன் பதிவு எண்ணைக் கேளுங்கள்

குருத்தணு, அதாவது ஸ்டெம் செல், பழுதான உறுப்பில் ஒட்டிப் புதிய திசுவாக வளரும் என்பதே பலரின் எண்ணம். ஆய்வுகள் காட்டுவது வேறு. எலும்பு மஜ்ஜை, தொப்புள் கொடி போன்றவற்றிலிருந்து எடுத்துச் செலுத்தப்படும் அணுக்களில் பெரும்பாலானவை உடலில் நெடுநாள் தங்குவதில்லை. அவை சுரக்கும் புரதங்களே இரத்த நாளங்கள் வளரவும் வீக்கம் தணியவும் உதவுகின்றன. 1991இல் இவ்வகை அணுக்களுக்குப் பெயர் சூட்டிய அமெரிக்க விஞ்ஞானி ஆர்னல்ட் கேப்லன், 2017இல் அப்பெயரையே மாற்றச் சொன்னதற்கும் இதுதான் காரணம்.

அப்படியானால் அணுக்கள் இல்லாமல் சுரப்பை மட்டும் மருந்தாக்க முடியுமா? இனிப்பு நீரால் ஆறாத புண்ணுக்கும் இந்த வழி ஆராயப்படுகிறது. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு இனிப்பு நீர்; இந்தியர்களில் மூவரில் ஒருவருக்கு. நம்மவர்கள் இதை ஆவலோடு பார்ப்பதில் வியப்பில்லை.

ஆனால், ஆய்வு முடியுமுன்பே விற்பனை தொடங்கிவிடுகிறது. சுரப்பிலுள்ள நுண்பைகளான ‘எக்சோசோம்’ கலந்த பொருளைச் செலுத்திக்கொண்ட சிலர் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் கடுமையாகப் பாதிக்கப்பட்டனர். அத்தகைய எந்தப் பொருளுக்கும் அனுமதி தரவில்லை என்று 2019 டிசம்பரில் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது.

மலேசியாவில் பதிவு பெற்ற மருந்தின் எண் ‘எம்.ஏ.எல்.’ என்று தொடங்கும். ‘என்.ஓ.டி.’ எண் மேலே பூசும் அழகுப் பொருளுக்கு உரியது; ஊசிக்கு அல்ல. சேமநிதிப் பணத்தை எடுக்குமுன் இதைக் கேட்டறிவது நல்லது. ஊசியை நம்பிக் கால் புண்ணுக்கு மருத்துவமனை செல்வதைத் தள்ளிப்போட்டால், பணத்தோடு காலையும் இழக்க நேரிடலாம்.