மூலையில் நிற்பவரின் மூச்சு

தொழில்முறைக் குத்துச்சண்டையில் ஒரு சுற்றுக்கு மூன்று நிமிடம், இரு சுற்றுகளுக்கு இடையே ஓய்வு ஒரு நிமிடம் என்னும் கணக்கைப் பார்வையாளர்கள் போட்டியாளரின் உழைப்பையும் இளைப்பாறுதலையும் அளக்கும் கணக்காகவே கொள்கின்றனர். பயிற்சியாளருக்கு அக்கணக்கு தலைகீழானது. போட்டியாளர் முக்காலியில் அமர்ந்து மூச்சு வாங்கும் அந்த ஒரு நிமிடத்தில்தான் அவர் கயிறுகளுக்கிடையே குனிந்து மேடைக்குள் நுழைந்து, எதிரே மண்டியிட்டு, அரங்கின் இரைச்சலுக்கு மேல் குரலை உயர்த்தி, எதிராளியின் எந்தக் கை தாழ்கிறது, எந்தக் கால் பின்தங்குகிறது என்று சொல்லி முடித்து, மணி ஒலிப்பதற்குள் வெளியேற வேண்டும். பட்டப் போட்டி 12 சுற்றுகளும் நடந்தால் இத்தகைய இடைவேளைகள் 11 வரும். அதற்கு முந்தைய பல வாரங்கள், குத்துகளை வாங்குவதற்காக இரு கைகளிலும் மாட்டிக்கொள்ளும் தட்டையான தோல் திண்டுகளை, அதாவது பேட்களை, ஏந்திக்கொண்டு சுற்றுக்குச் சுற்று பின்னோக்கியும் பக்கவாட்டிலும் நகர்வதில் கழிந்திருக்கும். ஆக, பயிற்சியாளரின் தொழில் அறிவால் நடப்பது எவ்வளவு உண்மையோ, நுரையீரலால் நடப்பதும் அவ்வளவு உண்மை.

இத்தொழிலின் பெயர் பெற்ற ஆசிரியர்களுள் ஒருவரான ஃபிளாய்ட் மேவெதர் சீனியர், நுரையீரலைத் தாக்கும் சார்காய்டோசிஸ் என்னும் நோயுடன் வாழ்ந்து வருபவர் என்பது அமெரிக்க விளையாட்டு ஏடுகள் பலமுறை எழுதிய செய்தி. 1952இல் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்து, மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராபிட்ஸ் நகரில் வளர்ந்த அவர், தொழில்முறை மேடையில் 28 வெற்றிகளையும் 6 தோல்விகளையும் ஒரு சமனையும் கண்டவர். 1978 செப்டம்பரில் சுகர் ரே லெனர்டிடம் பத்தாவது சுற்றில் தோற்றவர். போதைப்பொருள் வழக்கில் தண்டிக்கப்பட்டு 1990களின் நடுவில் சில ஆண்டுகள் சிறையில் இருந்தவர். 2001 முதல் 2006 வரை குத்துச்சண்டை வீரர் ஆஸ்கர் டி லா ஹோயாவைப் பயிற்றுவித்ததே அவரை, அதே தொழிலில் புகழ்பெற்ற மகன் ஃபிளாய்ட் மேவெதர் ஜூனியரின் நிழலிலிருந்து விலக்கித் தனிப்பெயருடைய ஆசிரியராக நிறுத்தியது. அவருடைய மருத்துவக் கோப்பு அவருக்கு மட்டுமே உரியது. ஆகவே இப்பத்தி அந்த நோயின் பொது இயல்பையும் அது இத்தொழிலை எவ்விடத்தில் தொடுகிறது என்பதையும் மட்டுமே ஆராய்கிறது.

சார்காய்டோசிஸ் தொற்றுநோயன்று, புற்றுநோயுமன்று. இன்னதென்று இதுவரை அறியப்படாத ஏதோ ஒரு தூண்டுதலை எதிர்க்க உடலின் நோய் எதிர்ப்பு அணுக்கள் திரண்டு, கிரானுலோமா எனப்படும் நுண்ணிய முடிச்சுகளாக இறுகி, தூண்டுதல் நீங்கிய பின்னும் கலையாமல் தங்கிவிடும் நிலைக்கே இப்பெயர். இலண்டனில் ஜோனதன் ஹட்சின்சன் 1877இல் இதன் தோல் அடையாளங்களை விவரித்தார். நார்வே மருத்துவர் சீசர் போக் 1899இல் எழுதிய கட்டுரையிலிருந்து இன்றைய பெயர் கிளைத்தது. கண், தோல், இதயம், நரம்பு என எவ்வுறுப்பிலும் இம்முடிச்சுகள் தோன்றக்கூடும் எனினும், நோயாளிகளுள் 90 விழுக்காட்டினருக்கு மேல் நுரையீரலோ அதன் வேர்ப்பகுதியில் உள்ள நிணநீர்க் கணுக்களோ பாதிக்கப்படுகின்றன. பாதிக்கும் மேற்பட்டோருக்குச் சில ஆண்டுகளில் அது தானாகவே தணிந்துவிடுகிறது. எஞ்சியோருக்கு அது நீடித்து, சிலருக்கு முடிச்சுகள் இருந்த இடத்தில் தழும்பு படிந்து, விரிந்து சுருங்க வேண்டிய நுரையீரல் விறைத்துப்போகிறது. வறட்டிருமல், படியேறினால் மூச்சிரைப்பு, நெஞ்சில் இறுக்கம், இவற்றோடு எத்தனை மணிநேரம் உறங்கினாலும் நீங்காத அயர்வு ஆகியவை அதன் பொதுவான முறையீடுகள்.

அமெரிக்கக் கறுப்பினத்தவரிடையே இந்நோய் கூடுதலாகவும் கடுமையாகவும் காணப்படுகிறது. மேவெதர் வளர்ந்த அதே மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நகரின் மருத்துவக் காப்பீட்டு அமைப்பொன்றின் உறுப்பினர்களை ஆராய்ந்து 1997இல் வெளியான ஆய்வு, வாழ்நாளில் இந்நோய்க்கு ஆட்படும் வாய்ப்பு கறுப்பினத்தவருக்கு 2.4 விழுக்காடு என்றும் வெள்ளையருக்கு 0.85 விழுக்காடு என்றும் மதிப்பிட்டது. அமெரிக்கக் கால்பந்தின் தற்காப்பு வீரர் ரெஜி வைட், நகைச்சுவை நடிகர் பெர்னி மேக் ஆகிய இருவரும் இந்நோயுடன் வாழ்ந்தவர்கள் என்பது அவர்கள் முறையே 2004இலும் 2008இலும் மறைந்தபோது பரவலாகப் பேசப்பட்டது. உடல் வலிமையையே முதலாகக் கொண்ட விளையாட்டு உலகுக்கு இப்பெயர் புதியதாக இருக்க நியாயமில்லை.

இந்திய வாசகர் இவ்விடத்தில் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மார்பு எக்ஸ்ரேயிலும், நுண்ணோக்கியில் காணும் திசுவிலும் சார்காய்டோசிஸ் காசநோயை வெகுவாக ஒத்திருக்கும். காசநோய் முடிச்சின் நடுப்பகுதி பாலாடைக்கட்டிபோல் நொறுங்கியிருப்பதும், சார்காய்டோசிஸ் முடிச்சு பொதுவாக அவ்வாறு நொறுங்காதிருப்பதும் முதன்மையான வேறுபாடு. காசநோய் மிகுந்த நம் நாட்டில் இந்நோய் அரிது என்றே நெடுங்காலம் கருதப்பட்டதற்கும், நோயாளிகள் பலர் பயனில்லாத காசநோய் மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்கிய பிறகே உரிய பெயரைக் கேட்டறிந்ததற்கும் இந்த ஒற்றுமையே காரணம்.

மருத்துவத்துக்கும் இத்தொழிலுக்கும் இடையிலுள்ள முரண் தனியே சிந்திக்கத்தக்கது. முடிச்சுகளைத் தணிக்க முதலில் கொடுக்கப்படும் மருந்து பிரெட்னிசோன் போன்ற ஸ்டீராய்டு. தசையைப் பெருக்குவதற்காகச் சில விளையாட்டு வீரர்கள் களவாக எடுத்துக்கொள்ளும் ஸ்டீராய்டு வகையோடு இதனைக் குழப்பிக்கொள்ளலாகாது. இது வீக்கத்தைத் தணிப்பது, நீண்ட காலம் உட்கொண்டால் தசையைக் கரைப்பது. அதிலும் தொடையும் இடுப்பும் முதலில் தளரும் என்பதால், பேட் ஏந்திப் பக்கவாட்டில் நகர வேண்டிய ஒருவருக்கு இதன் பொருள் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. தூக்கம் கெடும்; சர்க்கரை ஏறும்; எலும்பு மெலியும்; மனநிலை சட்டென்று மாறும். போட்டிப் பயிற்சிக்குப் பேர்போன இடங்களும் உதவுவதில்லை. டி லா ஹோயா பயிற்சி முகாம் அமைத்திருந்த கலிஃபோர்னியாவின் பிக் பேர் மலையூர் கடல் மட்டத்திலிருந்து 6,700 அடிக்கு மேல் இருப்பது. ஆக்சிஜன் அழுத்தம் குறைந்த காற்று போட்டியாளரின் இரத்தத்தைப் பண்படுத்தும் என்று தேர்ந்தெடுக்கப்படும் உயரம், விறைத்த நுரையீரல் உடையவருக்கு வெறும் துன்பமே. பாலைவன நகரமான லாஸ் வேகஸின் வெயிலிலும் ஒரு சிக்கல் உண்டு. இம்முடிச்சுகளில் உள்ள அணுக்கள் வைட்டமின் டியைத் தாமாகவே செயல்வடிவுக்கு மாற்றிக் குருதியில் கால்சியத்தைக் கூட்டிவிடக் கூடும் என்பதால், இந்நோயாளிகளுள் சிலர் வெயிலில் காய்வதையே தவிர்க்குமாறு அறிவுறுத்தப்படுகின்றனர்.

இவை எல்லாவற்றையும்விடப் பேச்சின் மீது இந்நோய் செய்யும் வேலையே மூலையில் நிற்பவரை நேராகத் தொடுவது. மனிதர் பேசுவது மூச்சை வெளிவிடும்போது. நலமுடைய ஒருவர் நீண்ட வாக்கியமொன்றை ஒரே மூச்சில் முடித்துவிடுவார். நுரையீரலின் கொள்ளளவு சுருங்கி, மூச்சின் வேகம் கூடிவிட்ட ஒருவருக்கோ வாக்கியம் நடுவில் அறுந்து, வினைமுற்றுக்கு முன்பே இன்னொரு மூச்சு தேவைப்படும். எதிராளிகளை இயைபுத் தொடர்களால் சீண்டிச் செய்தியாளர்களைச் சிரிக்கவைப்பதற்குப் பெயர்போன மேவெதர் சீனியர் குரலையே கருவியாகக் கொண்டவர் என்பதை நினைக்கும்போது, இந்நோய் எவ்விடத்தில் வந்து கைவைத்தது என்பது வேதனை தருகிறது. குரலுக்கு அப்பாலும் ஒன்று இருக்கிறது. மூலையில் எடுக்கப்படும் முடிவுகளுள் தலையாயது போட்டியை நிறுத்துவது. 1975 அக்டோபரில் மணிலாவில் முகமது அலிக்கு எதிராகப் பதினான்கு சுற்றுகள் நின்ற ஜோ ஃபிரேஸியரைப் பதினைந்தாவது சுற்றுக்கு அனுப்ப மறுத்த பயிற்சியாளர் எட்டி ஃபட்ச், அந்த ஒரு நிமிடத்துக்குள்தான் அம்முடிவை எடுத்தார். குருதியில் ஆக்சிஜன் வெகுவாகக் குறைந்தால் சிந்தனையும் மங்கும். எனவே பயிற்சியாளரின் மூச்சைப் பேணுவது போட்டியாளரின் உயிரைப் பேணுவதன் ஒரு பகுதியே.

அதே ஃபட்சிடம் பயின்றவர் ஃபிரெடி ரோச். நரம்பு மண்டலத்தைத் தாக்கி நடுக்கம் தரும் பார்க்கின்சன் நோயுடன் பல்லாண்டுகளாக ஹாலிவுட்டில் உள்ள தம் வைல்ட் கார்ட் பயிற்சிக்கூடத்தில் பேட் ஏந்தி வருபவர். 2015 மே 2 அன்று லாஸ் வேகஸில் நடந்த மேவெதர் ஜூனியர், மேனி பக்கியாவ் போட்டி அமெரிக்காவில் மட்டும் 46 இலட்சம் கட்டணத் தொலைக்காட்சி இணைப்புகளை விற்றுக் குத்துச்சண்டை வரலாறு காணாத வருவாயை ஈட்டியது. அன்று பக்கியாவின் மூலையில் பார்க்கின்சன் நோயாளியான ரோச்சும் மறுமூலையில் சார்காய்டோசிஸ் நோயாளியான மேவெதர் சீனியரும் நின்றனர். ஆயினும் உலகின் கண்ணில் பெரிதும் பட்டது ரோச்சின் நோயே. நடுக்கம் கண்ணுக்குப் புலப்படுகிறது. அதனைக் கண்டவர் இரங்குகின்றனர், வியக்கின்றனர், அவருடைய உறுதியைப் போற்றுகின்றனர். மூச்சுக்குறை அப்படிப் புலப்படுவதில்லை. அமர்ந்திருக்கும் சார்காய்டோசிஸ் நோயாளி நலமானவராகவே தோன்றுவதால், அவர் எழ மறுத்தால் சோம்பல் என்றும், பாதியில் பேச்சை நிறுத்தினால் சினம் என்றும் எளிதாக எண்ணப்படுகிறார். இந்த அநீதி இந்நோயாளிகள் அனைவருக்கும் பொதுவானது. வலிமையைக் காட்டுவதே பண்பாடாகிவிட்ட பயிற்சிக்கூடத்தில் அது இருமடங்காகிறது.

மேவெதர் குடும்பத்தின் தற்காப்பு முறையை இப்பின்னணியில் நோக்கும்போது அது வேறொரு பொருள் தருகிறது. ஷோல்டர் ரோல் எனப்படும் அம்முறையில் போட்டியாளர் உடலைப் பாதி திருப்பி, இடத்தோளைத் தாடைக்கு அணையாக உயர்த்தி, இடக்கையை வயிற்றுக்குக் குறுக்கே வைத்து, வலக்கையைக் கன்னத்தருகே நிறுத்துவார். எதிராளியின் வலக்குத்து வரும்போது பின்வாங்காமல் இடுப்பைச் சிறிதே திருப்பினால், அது தோளில் பட்டு வழுக்கிச் செல்லும். இடுப்பு திரும்பிவரும் விசையே மறுகுத்துக்கு ஆற்றலாகும். இதன் உயிர் சிக்கனத்தில் உள்ளது. காலால் ஓடித் தப்புவதைவிடத் தோளால் திருப்புவதற்கு மூச்சு குறைவாகச் செலவாகிறது. இலக்குத் தவறிய குத்தோ எதிராளியின் மூச்சைக் கூடுதலாகத் தின்கிறது. 2012 மே மாதம் மிகேல் கோட்டோவுடனான போட்டியில் மூக்கில் குருதி வழியும் அளவுக்கு அடிபட்ட மகன், சிற்றப்பா ரோஜர் நீரிழிவால் நலிந்திருந்த காலத்தில், பல ஆண்டுப் பிணக்குக்குப் பிறகு தந்தையை மீண்டும் மூலைக்கு அழைத்தது இந்தத் தற்காப்பைச் செப்பனிடத்தான். 2013 மே மாதம் ராபர்ட் கெரேரோவை எதிர்த்த போட்டியில் மூன்று நடுவர்களும் 117-111 என்று ஒரே புள்ளிகளை வழங்கினர். அடி குறைந்திருந்தது. தோள் எந்த அளவு உயர வேண்டும், பின்காலில் எடை எப்போது இறங்க வேண்டும் என்பதைக் கண்ணால் கண்டு ஒரு சொல்லால் திருத்தும் ஆசிரியருக்கு, பேட் ஏந்தும் கை தளர்ந்தாலும் கல்வி தளர்வதில்லை என்பதற்கு அப்போட்டியைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

எனினும் இத்தகைய ஆசிரியர்களைத் தாங்கும் அமைப்பு எதுவும் இல்லை என்பதே கவலைக்குரியது. அமெரிக்கத் தொழில்முறைக் குத்துச்சண்டையில் பயிற்சியாளரின் ஊதியம் மாதச் சம்பளமன்று. போட்டியாளர் பெறும் தொகையில் வழக்கமாக 10 விழுக்காடு. போட்டி இல்லையேல் வருமானம் இல்லை, நோய்விடுப்பு என்ற பேச்சுக்கும் இடமில்லை. 1996இல் இயற்றப்பட்ட கூட்டரசின் குத்துச்சண்டைப் பாதுகாப்புச் சட்டம், போட்டியில் ஏற்படும் காயங்களுக்காகப் போட்டியாளருக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும் என்று கட்டளையிட்டது. மூலையில் நிற்பவரை அது அவ்வகையில் கருதவில்லை. போட்டியாளருக்கு மூளைப் படமும் குருதிச் சோதனையும் கேட்கும் விளையாட்டு ஆணையங்கள், ஸ்பைரோமீட்டர் எனப்படும் மூச்சளவைக் கருவியில் சில முறை ஊதச் செய்து நுரையீரலின் கொள்ளளவை அறியும் எளிய சோதனையைப் பயிற்சியாளருக்கு ஆண்டுதோறும் கட்டணமின்றி வழங்கலாம். அதன் முடிவு உரிமத்தைப் பறிப்பதற்காக அமையாமல், பேட் ஏந்தவும் முக்காலியைத் தூக்கவும் இளைய உதவியாளர் ஒருவரை உடன் நிறுத்துவதற்காக அமைய வேண்டும். மேவெதர் கூடத்தில் 1996 ஒலிம்பிக்கின் வெண்கலப் பதக்க வீரர் நேட் ஜோன்ஸ் துணைப் பயிற்சியாளராகப் பணியாற்றியது போன்ற ஏற்பாட்டை, புகழும் பணமும் இல்லாத கூடங்களில் தனியொருவராக நின்று பயிற்றுவிக்கும் ஆசிரியர்களும் பெறத்தக்கதாகச் செய்வது ஆணையங்களின் கையிலும், போட்டி வருவாயில் பங்கு பெறும் ஏற்பாட்டாளர்களின் கையிலும் உள்ளது.